எள்ளின் நிறமும் அதன் சத்தும்

அன்புள்ள தங்கைக்கு,

கருப்பு எள்ளில் இரும்புச்சத்து அதிகமா, வெள்ளை எள்ளிலா என்று கேட்டு எழுதியிருந்தாய். நிறத்தைப் பார்க்கும் முன் தோலைப் பார்க்க வேண்டும்.

கடையில் கருப்பு எள் பெரும்பாலும் தோலோடு கிடைக்கிறது. பளிச்சென்ற வெள்ளை எள்ளில் தோல் நீக்கியதும் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில், தோலோடு கூடிய 100 கிராம் எள்ளில் கால்சியம் சுமார் 975 மில்லிகிராம். தோல் நீக்கியதில் சுமார் 60 மட்டுமே! இரும்பும் 14.6 மில்லிகிராமிலிருந்து 6.4 ஆகக் குறைகிறது. துத்தநாகமோ 7.8-லிருந்து 6.7 வரைதான் இறங்குகிறது. ஆக, கால்சியம் தோலில் குவிந்திருக்கிறது. துத்தநாகம் பருப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தோலுள்ள எள்ளையும் தோலில்லாத எள்ளையும் வைத்து ரகங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமே அல்ல.

அந்தத் தோல் கால்சியம் முழுவதும் உடலில் சேர்ந்துவிடும் என்றும் நினைக்காதே. அதில் பெரும்பகுதி ஆக்சலேட்டோடு பிணைந்திருப்பதால், குடல் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. எள்ளில் உள்ள ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் இப்படியே பிடித்து வைக்கிறது.

சரி, தோலோடே ஒப்பிட்டால்? ரகத்துக்கு ரகம் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை கருப்பு, பழுப்பு, வெள்ளை எள்ளைத் தனித்தனியே பதிவு செய்திருக்கிறது. ஆனால் நிறம் ஒரு ரகத்தின் முழு அடையாளம் ஆகாது. திண்டிவனத்தின் டி.எம்.வி. வரிசை, விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. வரிசை, வெள்ளை விதை தரும் எஸ்.வி.பி.ஆர். 1 என்று ஒவ்வொன்றுக்கும் வேரின் திறனும் விதையின் பருமனும் வேறு. சிறு விதையில் எடைக்கு எடை தோலின் பங்கு கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்கு எட்டாது. ஒரே ரகம் இரண்டு ஊரில் இரண்டு அளவு காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அறிவியல் கண்காட்சி ஏதாவது வந்தால், இந்த ஒப்பீட்டையே எடுத்துக்கொள்ளேன். மாசிப்பட்டத்தில் இரண்டு ரகங்களை ஒரே வயலில் மாற்றி மாற்றிப் பாத்தி கட்டி விதைத்துப் பார். அறுத்த எள்ளைச் சோதனைக்கு அனுப்பும் முன் நன்றாகக் கழுவி உலர்த்து. ஒட்டியிருக்கும் செம்மண் தூசியே இரும்பின் அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

அன்புடன்,
அக்கா