சாய்ந்த கூரையும் நேரான விசிறியும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் பொருளை நான் உணர்ந்த இடம் வகுப்பறை அன்று. தில்லி கிட்வாய் நகரை ஒட்டிய கோட்லா முபாரக்பூரில் ஒரு மாடியறை.

விடுதலைப் போராட்ட வீரரும் நடுவண் அமைச்சருமாக விளங்கிய ரஃபி அகமது கிட்வாய் (1894–1954) அவர்களின் பெயரைத் தாங்கி நிற்பது கிட்வாய் நகர். அங்கே அரசு ஊழியர் குடியிருப்பில் என் அத்தையும் மாமாவும் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். மாமா ஓய்வு பெற்றதும் அவ்வீட்டை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஒரு மொட்டைமாடி அறைக்குக் குடிபெயர்ந்தனர். தில்லியில் இத்தகைய அறையைப் 'பர்சாத்தி' என்பர். இரும்புக் குழாய்களின்மேல் தகரம் வேய்ந்து, கூரையை ஒருபுறம் சாய்த்திருந்தார்கள்.

மே மாத வெப்பத்தில் விசிறியின்றி அங்கே உறங்க இயலுமா? மின்பணியாளர் ஒருவர் வந்து, சாய்ந்த கூரைக்குச் செங்குத்தாக விசிறித் தண்டை இறுக்கிப் பூட்டிவிட்டுச் சென்றார். ஓட்டியதும் விசிறி 'கடகட'வென ஆடிற்று. அதன் கீழேதான் அத்தையின் பேரக் குழந்தை உறங்கும். அத்தை என்னைப் பார்த்து, "ஏண்டாப்பா, நாலு வருஷமா இயற்பியல் படிக்கிறியே, இது ஏன் ஆடுதுன்னு சொல்லேன்" என்றார். நான் விடையின்றி நின்றேன். அன்றிரவு குழந்தையை வெளியே படுக்க வைத்தோம். நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அப்பொழுது கண்டவற்றை ஈண்டுக் கூறுகிறேன்.

முதலாவது, தொங்கும் முறை. விசிறியின் எடை நேர் கீழ்நோக்கியே இழுக்கும். தண்டு சாய்ந்து இறுகியிருப்பின், அவ்வெடை தண்டை வளைக்க முயலும். இறக்கைகளில் உள்ள சிறு எடை வேறுபாடும் அதிர்வாக மாறிப் பூட்டாணிகளைத் தளர்த்தும். ஆகவே கொத்தனாரின் தூக்குக் குண்டு போல விசிறி தானே நேராகத் தொங்க வேண்டும். அதற்கென்றே கொக்கியும், ரப்பர் உருளையும் ஆணியும் கொண்ட ஷேக்கிளும் அமைந்துள்ளன. மேலை நாடுகளில் கிண்ணத்துள் பந்து அமர்ந்து திரும்பும் பிடிப்பைப் பயன்படுத்துகின்றனர். கருவி வேறாயினும் கருத்து ஒன்றே.

இரண்டாவது, தாங்கும் இடம். தகரத்தில் தொங்கவிடுதல் தவறு. சாய்ந்து செல்லும் குழாயில் மாட்டினால் பிடிப்பு வழுக்கி இறங்கும். ஆதலால், மட்டமாகக் குறுக்கே செல்லும் குழாயே தக்கது. நம் ஊர் ஓட்டு வீடுகளில் விசிறியை ஓட்டுச் சட்டத்தில் மாட்டாமல் உத்திரத்தில் மாட்டுவதை எண்ணிப் பாருங்கள்!

மூன்றாவது, இடைவெளி. எங்கள் கூரை ஒரு மீட்டருக்கு 35 சென்டிமீட்டர் ஏறியது. 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் நீளும். ஆகவே தாழ்ந்த பக்கத்தில் அதன் நுனிக்கு நேர் மேலே கூரை 60 × 0.35 = 21 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். காற்றை இழுக்க மேலே 30 சென்டிமீட்டர் வெளி வேண்டும். இரண்டையும் கூட்டினால் 51. கூரையிலிருந்து இறக்கைகள் அவ்வளவு கீழே இருத்தல் வேண்டும். அதற்கேற்ற நீளமுள்ள தண்டை வாங்க வேண்டும்.

ஆனால் இன்னொரு சிக்கல் எழுந்தது. அறையின் நடுவே கூரை உயரம் 282 சென்டிமீட்டர். 51ஐக் கழித்தால் இறக்கைகள் 231இல் நிற்கும். உயர்த்திய கை தொட்டுவிடும்! விசிறியின் அடிப்பகுதி 240க்குக் குறையலாகாது. எனவே உயர்ந்த சுவரை நோக்கி 50 சென்டிமீட்டர் நகர்த்தினோம். அங்கே கூரை ஏறக்குறைய 300, இறக்கைகள் 249. சுவருக்கும் இறக்கை நுனிக்கும் இடையே 40 சென்டிமீட்டர் எஞ்சியது.

மறுநாள் தேர்ந்த பணியாளர் ஒருவரை அழைத்து வந்தேன். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்னரே வேலை தொடங்கிற்று. மட்டக் குழாயில் கொக்கியைப் பற்றவைத்தார். ஷேக்கிள் ஆணிக்குப் பிளவு ஊசி செருகினார். தண்டைக் குழாயோடு இணைத்துத் தனியே ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டினார். மேல் கிண்ணத்தைக் கூரையில் இடியாதபடி சற்றே இறக்கி வைத்தார்.

விசிறி ஓசையின்றிச் சுழன்றது. அன்றிரவு குழந்தை அறையிலேயே உறங்கிற்று. அத்தை, "இப்பத்தாண்டா நீ படிச்சவன்" என்றார். எந்தத் தேர்விலும் நான் பெறாத மதிப்பெண் அது!

தோழர்களே, கோணமும் எடையும் கரும்பலகையில் மட்டும் வாழ்வன அல்ல. நம் வீட்டார் தலைக்கு மேலும் தொங்குகின்றன. விடுமுறையில் இல்லம் செல்லும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.