சொன்னது ஒன்று, விளங்கியது ஒன்று

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த நம்மிற் பலருக்குக் காணிகள் கட்டங்கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. சிலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. காணி அலுவலாகக் கூட்டங்களுக்கும் கந்தோர்களுக்கும் போய்வருகின்றோம். அங்கே கதைப்பது சரியாக விளங்காவிட்டால் நட்டம் நமக்கே. தொடர்பாடலுக்குத் தடையாகும் மூன்று காரணங்களை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. அளவு: நாம் பரப்புக் கணக்கில் கதைக்கின்றோம். அலுவலர் ஏக்கர், ஹெக்டேயர் என்கின்றார். தோட்டக் காணியில் 16 பரப்பு 1 ஏக்கர்; 1 ஹெக்டேயர் ஏறத்தாழ 39½ பரப்பு. அவர் "அரை ஏக்கர்" என்றால், "எட்டுப் பரப்புத்தானே, ஐயா?" என்று உடனே கேட்டு உறுதிப்படுத்துவோம்.

2. மொழி: படிவம் விளங்காதபோதும் வெட்கத்தினால் கையொப்பமிட்டு விடுகின்றோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. தமிழ்ப் படிவம் கேட்க நமக்கு உரிமையுண்டு.

3. மௌனம்: கூட்டங்களில் ஆண்கள் கதைக்க, பெண்கள் பின்வரிசையில் பேசாமல் இருக்கின்றார்கள். சீதனக் காணியோ பெண்ணின் பெயரில் உள்ளது. வேலி அழிந்துபோன காணியின் எல்லை எந்தப் பனையடியில் என்பது முதியவர்களுக்கே தெரியும். இவர்கள் வாய்திறக்காவிட்டால் பிழையான விபரமே பதிவாகும்.

பயிற்சி: அடுத்த கூட்ட முடிவில் ஒருவர் எழுந்து, தீர்மானித்தவற்றைத் தமது சொற்களில் திருப்பிச் சொல்லட்டும், மற்றவர்கள் திருத்தட்டும்.

கலந்துரையாடுவோம்: நமது கூட்டங்களில் இதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர் யார்? அவரைப் பேசவைக்க நாம் என்ன செய்யலாம்?