இடிக்காத, கழட்டு

தங்கச்சி, உன் மாமனார் கட்டின ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கப் போறோம்னு நீ சொன்னதுலேருந்து எனக்கு ஒரே கவலைதான். ஜேசிபி அந்த வாசலுக்குள்ள வரக் கூடாது. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் வீடுகளை இடிச்சு, பர்மாத் தேக்குத் தூணையும் நிலையையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல வரிசையா நிறுத்தி விக்கிறாங்க. எங்கேயோ இருந்து வர்றவங்க அதைத் தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க. உன் வீட்டுலயே இருக்கிறதை ஒரே நாள்ல மண்ணாக்கிட்டு, அப்புறம் அந்தக் கடையில போய் நீ விலை கேட்டு நிக்க வேண்டாம்.

பழசைப் பயன்படுத்துறதுன்னா முதல்ல உன் வீட்டுப் பழசுதான். கட்டின வரிசைக்குத் தலைகீழாப் பிரிக்கச் சொல்லு. ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், கடைசியாத்தான் நிலையும் ஜன்னலும். ஆள் கூலி கூடத்தான் ஆகும், மாப்பிள்ளை முணுமுணுப்பார். மரக்கடையில தேக்கு என்ன விலைன்னு ஒரு தடவை விசாரிச்சுட்டு வரச் சொல்லு, போதும். தை, மாசியில பிரிக்க ஆரம்பிங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரை மூடியாகணும்.

சீமை ஓட்டை இறக்கும்போது பின்பக்கம் பாரு, செஞ்ச கம்பெனி பேர் அச்சாகியிருக்கும். பேர் வாரியாப் பிரிச்சு அடுக்கு. ஒரு கம்பெனி ஓட்டுப் பள்ளத்துல இன்னொரு கம்பெனி ஓடு சரியா உட்காராது. கலந்து போட்டா முதல் மழைக்கே ஒழுகும். படுக்கப் போடாம நெட்டுக்குத்தா அடுக்கணும். ஒவ்வொண்ணையும் விரல் மடக்கித் தட்டினா, நல்ல ஓடு கணீர்னு கேட்கும். விரிசல் விட்டது மொத்தையாக் கேட்கும். பத்தாததுக்குப் பழைய ஓடு வாங்கும்போது, உன் ஓடு ஒண்ணைக் கையில எடுத்துட்டுப் போ. நாட்டு ஓட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்துக்கும்.

மரத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். சுவருக்குள்ள புதைஞ்சிருந்த நுனியிலதான் முதல்ல உளுக்கும், கரையானும் அங்கேதான் ஏறும். குத்திப் பாரு. நுனி மட்டும் பொடியாப் போச்சுன்னா முழுக் கட்டையையும் கழிக்காத. கெட்டதை அறுத்துட்டா ஜன்னல் சட்டத்துக்கோ அலமாரிக்கோ ஆகும். மில்லுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை மேல ஓட்டிப் பார்த்து ஆணியெல்லாம் பிடுங்கிடணும். ஆணி பட்டு வாள் உடைஞ்சா செலவு உன் தலையில. திரும்பச் சுவருக்குள்ள போற நுனிக்கு முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் பூசச் சொல்லு. அது தோலைப் புண்ணாக்கும், கையுறை இல்லாம யாரும் தொட வேண்டாம்.

வெளியில கதவு வாங்குறதா இருந்தா, கதவை வாங்கின பிறகுதான் வாசலுக்கு அளவு விடணும். பழைய நிலை குட்டையா இருக்கும், உங்க வீட்டுல எல்லாரும் உயரம்.

சுவர் விஷயத்துலதான் நான் பிடிவாதமாச் சொல்றேன். அது சுண்ணாம்புச் சுவர். முழங்கால் உயரத்துக்குக் காரை உதிருதுன்னு சொன்னியே, அது தரையிலேருந்து ஏறுற ஓதம். மேஸ்திரி சிமெண்ட் பூசினா சரியாயிடும்பார். சரியாகாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைச்சுப் போடும். உள்ளே மாட்டின ஈரம் இன்னும் மேல ஏறி, செங்கல்லையே அரிக்கும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டிட்டு, ஒரு பங்கு நீத்த சுண்ணாம்பு, மூணு பங்கு மணல்னு கலந்து பூசுங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியில கலவை குழைக்கத் தெரிஞ்ச கொத்தனார் நம்ம பக்கம் இன்னும் இருக்காங்க. அப்படி ஒருத்தரைத் தேடிக் கூட்டிட்டு வா, அவருக்காகக் காத்திருந்தாலும் தப்பில்லை. சுண்ணாம்பு நீத்தும்போது கொதிச்சுத் தெறிக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாத.

பழைய செங்கல்லை ரெண்டு ரெண்டா மோதிப் பாரு, சத்தமே சொல்லிடும். சுண்ணாம்புல கட்டினதா இருந்தா காரை சுலபமா உதிர்ந்து கல் முழுசா வரும். சிமெண்ட்ல கட்டினது பாதிக்குமேல உடையும், அதுக்குக் காசு கொடுக்காத. வெள்ளையா உப்புப் பூத்த கல்லைச் சுவருக்குள்ள வைக்கவே கூடாது, தோட்டத்து நடைபாதைக்குப் போடலாம்.

பின்கட்டுல சமையலறைக்கு மட்டும் தளம் போடணும்னு சொன்னே. மிஞ்சின சீமை ஓட்டை அங்கே போடலாம். தளத்தோட அடிப்பாகத்துல இருக்கிற கான்கிரீட் பாரத்தைப் பெரிசாத் தாங்குறதில்லை. அந்த இடத்துல கம்பிகளுக்கு நடுவே ஓட்டை அடக்கி வெச்சுட்டா கான்கிரீட் குறையும், தளம் கனம் குறையும், வெக்கையும் குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவுல இந்த முறையில நிறைய வீடு கட்டிக் காட்டினார். இதை ஒரு இன்ஜினியர் வரைஞ்சு கொடுத்த பிறகுதான் செய்யணும். மேஸ்திரி கண்ணளவுல போட விடாத.

சிலதுல சிக்கனமே வேண்டாம். இடிச்ச கட்டடத்துக் கம்பியை நிமிர்த்தித் தளத்துக்குப் போடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காத, இரும்புக் கடைக்குப் போடு. ஒயரிங் முழுக்கப் புதுசு, எர்த்தும், கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். மாட்டுக்கொட்டாய் மேல இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காத, அறுக்காத. நனைச்சு, முழுசா இறக்கி, கனமான பாலித்தீன்ல சுத்தி ஓரமா வெச்சுட்டு, எங்கே கொடுக்கணும்னு பஞ்சாயத்துல கேளு. அதோட தூசு நுரையீரலுக்குப் போனா திரும்பாது.

கதவு பெயின்டும் அப்படித்தான். வீட்டு பெயின்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அந்தக் கதவுல இருக்கிறது அதுக்கு ரொம்ப முந்தினது. மெஷின் போட்டுக் காயத் தேய்ச்சா ஈயத்தூசு வீடு பூராப் பரவும், தவழுற பிள்ளைக்கு அது நேரா வாய்க்குப் போகும். தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் சொல்லு. அந்த வேலை முடிஞ்சு, வீட்டை ஈரத்துணியால ரெண்டு தரம் துடைக்கிற வரைக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து நம்ம அம்மாகிட்ட விடு.