கம்பெனி என்பது ஒரு ஆளா?



போன மாதம் இலக்கிய மன்றத்தில் 'பெரிய கம்பெனிகள் தேவையா, தேவையில்லையா' என்று பட்டிமன்றம் நடந்தது ஞாபகம் இருக்கும். நான் 'தேவையில்லை' அணி. நன்றாக முழங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். என் தோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்போ உங்க அக்கா நாளைக்கு எங்கடி வேலைக்குப் போவா?"

என் அக்கா தினமும் போவது கம்பெனி வேனில். எங்கள் வீட்டு அரிசியும் என் டியூஷன் ஃபீசும் அந்தச் சம்பளத்தில்தான் வருகின்றன. எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் நூலகத்தில் படித்தும், வணிகவியல் டீச்சரிடம் கேட்டும் இதை எழுதுகிறேன்.

முதலில், கம்பெனி என்றால் என்ன? கட்டடமா? மெஷினா? முதலாளியா? மூன்றும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி ஒரு 'ஆள்'. பதிவு செய்த அன்று பிறக்கிறது. தன் பெயரில் நிலம் வாங்கும், கடன் வாங்கும், கேஸ் போடும். பங்குதாரர்கள் எல்லோரும் இறந்துபோனாலும் அது சாகாது. 1896-ல் இங்கிலாந்தில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கு ஒன்று பிரபுக்கள் சபை வரை போனது. கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. இருந்தும், சாலமன் வேறு, அவர் கம்பெனி வேறு என்றுதான் தீர்ப்பு வந்தது. கம்பெனி பட்ட கடனுக்கு அவர் பொறுப்பில்லை!

நம்ம தெருமுனை டீக்கடைக்காரர் 1 லட்சம் கடன் வாங்கி நொடித்துப்போனால் கடன்காரன் அவர் வீட்டு வாசலுக்கே வருவான். ஆனால் ஒரு கம்பெனியில் 1,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினவருக்கு, அது எத்தனை கோடி கடனில் மூழ்கினாலும் அந்த 1,000 மட்டும்தான் நஷ்டம். போர்டில் 'லிமிடெட்' என்று போடுவதன் அர்த்தம் இதுதான். (நான் பஸ்ஸில் போடுகிற லிமிடெட் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன்.) இந்தத் தைரியம் இருப்பதால்தான் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பணம் போட்டு ரயிலும் கப்பலும் விட முடிந்தது. ஆனால் இது கடவுள் கொடுத்த வரம் இல்லை. மக்களின் சட்டம் கொடுத்த சலுகை. கொடுத்தவர்கள் கணக்குக் கேட்கலாம்தானே?

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம வரலாற்றுப் பாடத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600 டிசம்பர் 31-ல் எலிசபெத் ராணி கொடுத்த ஒரு சாசனத்தால் பிறந்தது. மிளகு வாங்க வந்த கம்பெனி, 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையையே வாங்கிவிட்டது. 1770 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோதும் வசூல் நிற்கவில்லை. பார்லிமென்ட் எப்போது விழித்துக்கொண்டது தெரியுமா? 1772-ல் கம்பெனியே கடன் கேட்டு வந்து நின்றபோது! 1773-ல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1813-ல் இந்திய வியாபாரத்தில் தனியுரிமை போனது. 1833-ல் வியாபாரமே போனது. 1858-ல் ஆட்சி போனது, 1874-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. நூறு வருஷம்! உறுப்பினர்கள் பலரே பங்குதாரர்களாக இருந்தால் சீக்கிரம் எப்படி நடக்கும்? (கம்பெனி போய் ராணி வந்தாள், நமக்கு விடுதலை வரவில்லை என்பது வேறு கதை.)

அப்படியானால் கம்பெனி என்றாலே கெட்டதா? வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கியதும் ஒரு கம்பெனிதான். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். அதை ஒழிக்க வெள்ளைக்காரர் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்ததாம். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. பெரிய கம்பெனி இப்படி அடக்க விலைக்குக் கீழே விற்றுச் சின்னவனை ஒழிப்பது, இப்போது 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தவறு. அன்று இப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் வெள்ளைக்கார அரசு அதை யார் பக்கம் திருப்பியிருக்கும் என்பது தெரிந்ததுதான்.

நான் படித்ததில் என்னை அதிகம் பாதித்தது போபால். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அன்று வாயுத் தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசிவை எரிக்கும் கோபுரம் ரிப்பேரில் கிடந்தது. அமெரிக்கத் தலைவர் வந்தார், கைதானார், ஜாமீனில் ஊருக்குப் போனவர் விசாரணைக்குத் திரும்பவே இல்லை. 2010-ல்தான் போபால் நீதிமன்றத்தில் தீர்ப்பு. இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு சிறை, அன்றைக்கே ஜாமீன். அந்த 'ஆளுக்கு', அதாவது இந்தியக் கம்பெனிக்கு? 5 லட்சம் ரூபாய் அபராதம். கடன் வாங்கும்போது ஆள். ஜெயிலுக்குப் போகச் சொன்னால் வெறும் காகிதம்!

போபாலுக்குப் பிறகு சில நல்லதும் நடந்தது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம், டெல்லியில் ஒரு ஆலையில் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு புது விதி சொன்னது. அபாயமான தொழில் நடத்துகிறவர், 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. கம்பெனி எவ்வளவு பெரியதோ அவ்வளவு அதிகமாக நஷ்டஈடு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்கு பெஞ்சு வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அது தர்மக் கணக்கு. விஷவாயுத் தொட்டியை பெஞ்சு போய் பார்த்துக்கொள்ளாது.

தோழிக்கு இப்போது சொல்கிறேன். அக்கா கம்பெனிக்கே போகட்டும். நான் அணி மாறிவிட்டேன், ஆனால் பாதிதான்.

இதை எழுதி முடித்த இரவு அக்காவிடம் கேட்டேன். "உங்க கம்பெனில தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய வருவீங்க?"

"முன்கேட்டு வழியாத்தான். பின்கேட்டு எப்பவும் பூட்டியிருக்கும்."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "தெரியலடி" என்றாள். நாளைக்கு சூப்பர்வைசரிடம் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

— மாணவி, 11-ம் வகுப்பு, வணிகவியல் பிரிவு