போர்க்களத்திலிருந்து தங்கவயலுக்கு

பொன் என்றதும் நம் நினைவுக்கு வருபவை நகைக்கடையின் ஒளியும் திருமண வீட்டின் ஆரவாரமுமே. அப்பொன் மண்ணின் அடியிலிருந்து எவ்வாறு மேலே வந்தது, அதைத் தேடிப் புறப்பட்டவர் யார், அதற்காக உடல் தேய்ந்தவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இந்தியாவின் புகழ்பெற்ற பொற்சுரங்கமாக விளங்கிய கோலார் தங்கவயலின் புதிய வரலாறு இரண்டு போர்வீரர்களிடம் தொடங்குகிறது. ஒருவர் கண்டதை எழுதி வைத்தார். மற்றவர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அதைப் படித்தார். அவ்விருவர் கதையையும், அவர்களுக்கு வழிகாட்டிய பெயரறியா மக்களின் கதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

எழுதி வைத்த வீரர்

ஜான் வாரன் 1769-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிறந்தவர். அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தினர். ஆங்கிலேயரின் 33-ஆம் காலாட்படையில் சேர்ந்து, 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டினப் போரில் பங்குகொண்டார். போர் முடிந்தபின் மைசூர் நாட்டை நில அளவை செய்யும் பணிக்கு அவர் அனுப்பப்பட்டார். 1802-இல் கோலார்ப் பகுதியில் பணியாற்றும்போது, அங்குள்ள மண்ணில் பொன் கிடைப்பதாக ஊரார் பேசுவது அவர் காதில் விழுந்தது.

கேட்ட செய்தியைக் கட்டுக்கதை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊரார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னே நீரில் அலசிக் காட்டினர். அடியில் பொன் துகள்கள் மின்னின! மாரிக்குப்பம் என்ற ஊரில் ஆடவர் குழிக்குள் இறங்கிச் சிறு இரும்புக் கருவிகளால் கல்லைப் பெயர்த்துக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அக்கற்களை இடித்துத் தூளாக்கி அலசுவதையும் வாரன் நேரில் கண்டார்.

கண்டதோடு நில்லாமல் அளந்தும் பார்த்தார். சுமார் 55 கிலோ மண்ணுக்கு ஒரு ‘கிரெயின்’ பொன் கிடைத்தது. ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். அப்படியானால் ஒரு டன் மண்ணில் ஏறத்தாழ 1.2 கிராம், நம் வீட்டுக் கணக்கில் 8 கிராம் கொண்ட ஒரு சவரனுக்கு ஏறக்குறைய 7 டன் மண்ணை அலச வேண்டும்! இத்தனை உழைப்பும் அம்மக்களின் வெறுங்கைகளால் நடைபெற்றது.

கேட்டு அறிவதில் வாரனுக்கிருந்த நாட்டம் பொன்னோடு முடியவில்லை. 1805 முதல் சில ஆண்டுகள் அவர் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏட்டில் எழுதாமலேயே, தரையில் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கேட்டறிந்தார். நம் நாட்டுக் காலக் கணக்கு முறைகளை விளக்கும் அவரது ‘கால சங்கலிதா’ என்ற நூல் 1825-இல் சென்னையில் அச்சாயிற்று.

படித்துப் புறப்பட்ட வீரர்

கோலார்ப் பொன்னைப் பற்றிய வாரனின் குறிப்பு 1804-இல் நான்கு பக்கக் கட்டுரையாக வெளியாயிற்று. பின்னர் அதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர். 1871-இல் அது மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லவெல் என்பவர் கண்ணில் பட்டது. அவர் அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் படைவீரராக இருந்தவர். அந்நாட்டின் ஓட்டாகோ பகுதியில் 1861-இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டு, உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே குவிந்த காலம் அது. பிறகு லவெல் கடல் கடந்து வந்து பெங்களூர்ப் பாளையத்தில் குடியேறினார்.

ஓய்வுபெற்ற வீரர் அமைதியாகக் காலங்கழித்திருக்கலாம். அவரோ மாட்டுவண்டி பூட்டி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்து கோலார்ப் பகுதியை அடைந்தார். இரண்டாண்டுகள் ஆராய்ந்து, 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1875 பிப்ரவரி 2 அன்று 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. ஊரிகம் அருகே அவர் குழி தோண்டத் தொடங்கினார். ஆனால் பாறையைக் குடைவதற்கு ஊக்கம் மட்டும் போதுமா? பெருமுதல் வேண்டுமே! ஓரிரு ஆண்டுகளிலேயே தம் உரிமையைப் பெரஸ்போர்டு என்ற படை அதிகாரியைச் சார்ந்த குழுவினருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். பெங்களூரிலுள்ள லவெல் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பொறியியலின் வெற்றி

1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே சுரங்கம் வளரத் தொடங்கியது. எங்கே தோண்டுவது என்ற கேள்விக்கு, பழங்காலத்தார் வெட்டிக் கைவிட்ட குழிகளே விடை கூறின. அவற்றுக்குக் கீழே வளமான பொற்படிவு தொடர்ந்து சென்றது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சென்னை மாநகருக்கே மின்விளக்கு பரவலாக வந்திராத காலம் அது!

வேதியியல் மாணவர்க்கு இங்கே ஒரு பாடம் உண்டு. பொன் எளிதில் எவற்றோடும் வினைபுரியாத உலோகம். ஆயினும் காற்றின் துணையோடு நீர்த்த சயனைடுக் கரைசலில் அது கரைகிறது. அக்கரைசலில் துத்தநாகத்தைச் சேர்த்தால் பொன் பிரிந்து வீழ்கிறது. 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட இம்முறை, தூளாக்கிய பாறையில் எஞ்சிய பொன்னையும் விடாமல் பிரித்தெடுக்க உதவிற்று. அவ்வாறு அலசி ஒதுக்கிய கழிவுத்தூளே இன்று தங்கவயலைச் சுற்றிக் குன்றுகளாகக் காட்சியளிக்கிறது.

இயற்பியல் மாணவர்க்கும் இச்சுரங்கம் உதவியது. 1965-இல் பூமிக்கடியில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் இணைந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தனர்.

ஆழத்தின் விலை

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. திருமங்கலம் வட்டாரத்தில் 80 அடிக் கிணறு வெட்டுவதற்கே எத்தனை பாடு என்பதை நாம் அறிவோம். அத்தகைய கிணறுகள் 120-க்கும் மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம்! அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டும். மேலுள்ள பாறையின் அழுத்தம் தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். பாறைத்தூளைச் சுவாசித்ததால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பற்றும்.

இந்த ஆழத்தில் இறங்கியவர்களுள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள். அவர்களுள்ளும் பலர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். 1930-இல் தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய நிருவாகம் முனைந்தபோது, நாங்கள் குற்றவாளிகளா என்ற மானவுணர்வோடு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேல் கிடைத்த பொன், இறுதியில் சில கிராமாகக் குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன்னை ஈந்த மண்ணில், மக்கள் வேலையின்றி நின்றனர்.

நாம் கற்க வேண்டுவது

வாரன் பெயர் நூலில் இருக்கிறது. லவெல் பெயர் சாலையில் இருக்கிறது. வண்டியில் மண் கொண்டுவந்து அலசிக் காட்டிய முதல் மனிதரின் பெயர் எங்கே இருக்கிறது? பொன் இருக்குமிடத்தை அறிந்திருந்தவர் அவர்தாம். ஆனால் அவரிடம் எழுத்து இல்லை. அறிவு அவருடையது; ஏடு பிறருடையது. இந்த ஒரு வேறுபாடே ஒருவரை வரலாற்றில் நிறுத்தி, மற்றவரை மண்ணோடு மண்ணாக மறைத்துவிட்டது.

நம்முள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். எத்தனை அடியில் ஊற்று, எந்த நிறத்தில் சுக்கான் பாறை, எந்தக் கரிசலுக்கு எந்த விதை என்பனவெல்லாம் நம் பெற்றோர்க்கும் பாட்டன்மார்க்கும் அத்துபடி. அவர்கள் அவற்றை எழுதி வைக்கவில்லை. எழுதும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து இன்னொரு வாரன் வந்து கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? அளவுகோலும் குறிப்பேடும் இன்று நம் கையில் உள்ளன. கேட்போம், அளப்போம், எழுதுவோம். சொன்னவர் பெயரையும் மறவாமல் சேர்த்து எழுதுவோம்.