மறுமுனையில் யார்?

புதுச் செயலி ஒன்று எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், அதன் அழகையும் வேகத்தையும் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. நான் கணினி படித்தவள் அல்ல. வெள்ளவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் பெரியம்மா, நடுவில் வேலை, சந்தை, கோயில், வங்கி என்று ஓடுகிறவள். போனில் வந்துபோனவை ஏராளம். தங்கியவற்றைப் பார்த்தால், எது தங்கவேண்டும் என்பதை நான் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. ஓட்டோக்காரர், கடையில் காசு வாங்குகிறவர், பெற்றோல் செட்டில் நிற்கும் பெடியன், பெரியம்மா ஆகியோர்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஓட்டோவிலிருந்து தொடங்குகிறேன். 2015இல் பிக்மீ செயலி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊபரும் கொழும்புக்கு வந்துவிட்டது. அதற்கு முன் சந்தியில் நிற்கும் ஓட்டோவோடு பேரம் பேசவேண்டும், இல்லையென்றால் டாக்ஸி கம்பனிக்கு போன் எடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். பேரம் எனக்கு வராது. அதிலும் என் சிங்கள உச்சரிப்பைக் கேட்டதுமே விலை கொஞ்சம் ஏறுகிறதோ என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. ஏறுமுன்பே கட்டணத்தைத் திரையில் காட்டியது பெரிய ஆறுதல். இன்றைக்கும் சந்தி ஓட்டோவில் போவதென்றால், முதலில் செயலியில் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

பேரம் போனது, பேச்சு போகவில்லை. ஓட்டோ உறுதியானவுடனேயே போன் அடிக்கும். "மிஸ், கொஹெத இன்னே?" எங்கே நிற்கிறீர்கள் என்கிறார். நான் நிற்கும் இடம் அவருடைய திரையில் புள்ளியாக இருக்கிறது, ஆனாலும் கேட்பார். அடுத்தது, காசா கார்டா? கார்ட் என்றால் சில வேளை ஒரு மௌனம், பிறகு பயணம் ரத்து.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை, கையில் காசு வைத்திருப்பதைத் தவிர. முதற்கேள்வியில் நியாயம் உண்டு. வெள்ளவத்தை ஒழுங்கைகள் பலவற்றுக்கு இரண்டு வாய். ஒன்று காலி வீதியில், மற்றது கடலோரம் மரைன் டிரைவில். புள்ளி ஒழுங்கையின் நடுவில் விழுந்தால் வண்டி எந்தப் பக்கத்தால் வருவது? பின்னேர நெரிசலில் மறுபக்கம் வந்து நிற்கும் ஓட்டோ சுற்றி வருவதற்குள் பாதித் தூரம் நடந்துவிடலாம். அதனால் வீட்டு வாசலில் புள்ளி வைப்பதை விட்டுவிட்டேன். சவோய் தியேட்டர் மாதிரி, பெயர் சொன்னால் எவருக்கும் தெரிகிற இடத்தில் வைத்து, நானே நடந்துபோய் நிற்பேன். "சவோய் இஸ்ஸரஹ" என்று சிங்களத்தில் ஒரு வரி முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அநேகமாக அழைப்பு வராது.

கொட்டாஞ்சேனையில் அந்த வித்தை பலிக்காது. ஜம்பட்டா வீதிப் பக்கம் தோட்டங்களுக்குள் இருக்கும் வீடுகளுக்கு இலக்கம், சாய்கோடு, இன்னோர் இலக்கம், சில வேளை அதற்கும் பின்னால் ஓர் எழுத்து. வரைபடம் வீதியோரத்தில் நின்றுவிடும். பெரியம்மாவுக்குச் சாப்பாடோ மருந்தோ அனுப்பும்போது தொடர்பு இலக்கமாக என்னுடையதைக் கொடுப்பதில்லை. கீழ்வீட்டுப் பெடியனுடையதைக் கொடுக்கிறேன். கொண்டுவருகிறவர் வெள்ளவத்தையில் இருக்கும் என்னிடம் வழி கேட்டு என்ன பயன்? முகவரிக் குறிப்பில் ஒழுங்கை முகப்பிலுள்ள கடையின் பெயர். மிச்சத்தை அவர்கள் இருவரும் கதைத்துக்கொள்வார்கள்.

மழை பெய்தால் செயலிகளில் கட்டணம் ஏறும். மட்டக்குளி போகும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறாது. இரு வீட்டுக்கும் நடுவில் அது இன்னும் ஓடுகிறது என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

இந்த ஊரில் எல்லோர் கைக்கும் உண்மையாகப் போய்ச்சேர்ந்த தொழில்நுட்பம் எதுவென்றால், 2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆர் என்பேன். அதற்கு முந்திய மாதங்கள் யாருக்கும் மறக்காது. மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. பிறகு செட்டுகளுக்கு முன்னால் இரவு பகலாக வாகன வரிசை. கியூஆர் வந்தபோது முறை இதுதான்: வாகன இலக்கத்தைப் பதிந்தால் உங்களுக்கென்று ஒரு கியூஆர் கிடைக்கும், செட்டில் நிற்பவர் தன் போனால் அதை ஸ்கேன் பண்ணுவார், அந்தக் கிழமைக்கான பங்கில் எவ்வளவு மிச்சம் என்று அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவருக்கு கிழமைக்கு 5 லீற்றர் எந்த மூலைக்குக் காணும்? திட்டாத ஆளில்லை. ஆனால் வரிசை குறைந்தது.

என்னை வியக்கவைத்தது வேறு. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் கொமியூனிகேஷன் கடைக்குப் போனார்கள். போட்டோகொப்பி, ரீலோட் என்று இருந்த கடைப் பெடியனே பதிந்து, அச்சடித்து, லெமினேட் பண்ணிக் கொடுத்தான். அடையாள அட்டையளவு அந்தத் துண்டு, ஓட்டோவின் முன்கண்ணாடிப் பக்கம் சாமிப் படத்தோடு சேர்ந்து தொங்கியது. சார்ஜ் இல்லாவிட்டாலும் டேட்டா முடிந்தாலும் அது வேலை செய்தது. செட்டில் நின்றவரின் போன் மட்டும் உயிரோடு இருந்தால் போதும். 2023 செப்டெம்பரில் அந்த முறையை நிறுத்தினார்கள். என்னிடம் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. டொக்டரை சனல் பண்ணிய இலக்கம், ரயில் டிக்கெட், வரிசையில் காட்டவேண்டிய எதுவானாலும் வந்தவுடன் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுவேன். பெரியம்மாவுக்கென்றால் அச்செடுத்து அவவின் கைப்பைக்குள் வைத்துவிடுவேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கடவுச்சொல் தேடுகிற வயதா அவவுக்கு?

கடைகளில் காசு கட்டும் கியூஆர் இன்னொரு மாதிரி. மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூஆர் முறையில், எந்த வங்கியின் செயலியாலும் ஒரே கியூஆருக்குக் காசு கட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் கட்டியதும் எஸ்எம்எஸ் போவது முதலாளியின் போனுக்கு. கல்லாவில் நிற்பவன் வேலைக்காரப் பெடியன். முதலாளி மதியம் சாப்பிடப் போயிருந்தால், உங்கள் திரையில் பச்சை அடையாளம் விழுந்த பிறகும் சாமான் பையை அவன் கைவிடமாட்டான். போலி ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் ஊரில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேன் பண்ணுமுன் "காசு வந்தால் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிடுகிறேன். தலையைச் சொறிந்தால் நோட்டை எடுப்பேன்.

தமிழில் எழுதுவது இப்போது சிரமமில்லை. கூகுள் விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சில் இலங்கைத் தமிழ் என்று தனித் தெரிவே உண்டு. பெயர்ச்சொற்களைக் குதறும், மற்றபடி பரவாயில்லை. சிக்கல் மறுமுனையில்தான். உறவினர் ஒருவரின் நினைவுக் கல்வெட்டுக்கு நான் போனில் எழுதி அனுப்பியதை, அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்புகள் இடம் மாறிவிட்டன. அச்சகத்துக்கு அனுப்புகிறவர்கள் ப்ரூப்பைத் தாளில் கேட்டு வாங்குங்கள். திரையில் சரியாகத் தெரிவது அச்சிலும் சரியாக வரும் என்று நம்பவேண்டாம்.

பெரியம்மாவின் போனில் முன்பு வைபர், இப்போது வட்ஸ்அப். டொரன்டோவில் இருக்கும் பிள்ளைகளோடு கதைப்பது அதில்தான். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு கிழமையளவு அரசாங்கம் தடைசெய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பெரியம்மா வீட்டுக்குக் கிட்ட. அன்றும் தடை வந்தது. உயிரோடு இருக்கிறாவா என்று கேட்கக் கனடாவிலிருந்து எடுத்தவர்களுக்கு வட்ஸ்அப் கிடைக்கவில்லை, வீட்டில் பழைய தரைவழித் தொலைபேசி கிடைத்தது. அதை வெட்டிவிட்டால் மாதக் கட்டணம் மிச்சம் என்று யார் சொன்னாலும் நான் சம்மதிப்பதில்லை. வெளிநாட்டு இலக்கங்களை ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி, போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போதைய தொல்லை பார்சல் எஸ்எம்எஸ். உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, முகவரி சரியில்லை, இந்த லிங்கில் சிறு தொகை கட்டுங்கள் என்று வரும். கார்ட் இலக்கத்தைக் கொடுத்தால் சிறு தொகையோடு நிற்காது. தபால் திணைக்களமே எச்சரிக்கை விட்டும் வருவது குறையவில்லை. கனடாவிலிருந்து நிஜமாகவே பார்சல் வருகிற வீட்டில் இதற்கு எடுபடுவது சுலபம். பெரியம்மாவுக்கு நான் நீளமாக விளக்கத் தொடங்க, அவ கையால் மறித்தா. "பார்சல் அனுப்பினா என்ரை பிள்ளை முதல்லை எனக்கெல்லோ சொல்லுவான்" என்றா. பிறகு அந்த இலக்கத்தை புளொக் பண்ணுவது எப்படி என்று என்னிடம் கேட்டுப் பழகினா. அடுத்த கிழமை வேறோர் இலக்கத்திலிருந்து அதே பார்சல் வந்தது. அதை அவவே புளொக் பண்ணிவிட்டு எனக்கு போன் எடுத்துச் சொன்னா, தரைவழித் தொலைபேசியில்.