வீட்டுக்கு முதல் நாய் வருமுன்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: பிறந்து 30 நாளான குட்டியை இப்போதே வாங்கினால்தான் வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும் என்று விற்பவர் சொல்வது சரியா? (அவிநாசி வாசகர்)

பதில்: சரியன்று. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடைசெய்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றொன்றுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்பது அந்த வாரங்களில்தான். 30 நாளில் பிரித்துக் கொடுக்கத் துணிபவரிடம் எந்த வயதுக் குட்டியையும் வாங்கலாகாது.

கேள்வி: கணவன், மனைவி இருவருக்கும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் வேலை, மகன் எட்டாம் வகுப்பு. தீபாவளி போனஸில் அவனுக்கு லாப்ரடார் குட்டி வாங்குவதாக உள்ளது. என்னென்ன பொருள்களை முன்னதாக வாங்கி வைக்க வேண்டும்? (வேலம்பாளையம் வாசகர்)

பதில்: பொருள்களைப் பற்றிய கேள்வி கடைசியில் வரவேண்டியது. முதல் நாயை வாங்க எண்ணும் குடும்பம் முதலில் கணக்கிட வேண்டியது வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தை. திருப்பூரில் பெரும்பாலோர் கணக்கிடாமல் விடுவதும் அதனையே.

ஒன்றரை ஷிப்ட் என்பது காலை 8.30 மணிக்குத் தொடங்கி இரவு 8.30 மணிக்கு முடியும் வேலை. மகன் பள்ளியிலிருந்து திரும்பும் வரை அந்த வீடு பூட்டியே இருக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் சிறுநீரை அடக்க இயலாது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரையுள்ள காலத்தைப் பழகுபருவம் என்பர். மனிதர், வாகனம், குக்கர் விசில், பிற விலங்குகள் ஆகிய எவற்றையெல்லாம் அச்சமின்றி ஏற்கலாம் என்பதை நாயின் மூளை அப்பருவத்தில் பதிவுசெய்துகொள்கிறது. அப்பருவத்தைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியே கழித்த குட்டி ஓராண்டில் கதவைப் பிறாண்டும், ஓயாமல் குரைக்கும், வீட்டுக்கு வருவோர் மீது பாயும். அதன்பின் சங்கிலி வரும். சங்கிலிக்குப் பின் ஒருநாள் அந்த நாய் அறிமுகமற்ற ஒரு சாலையோரத்தில் இறக்கிவிடப்படும். இந்த வரிசையில் நாயின் குற்றம் எந்த இடத்திலும் இல்லை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூரின் பாதிக் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறுகின்றன. தீபாவளி போனஸில் வாங்கிய குட்டியைப் பொங்கல் விடுமுறையில் யார் பார்ப்பார் என்னும் கேள்விக்கு ஒருவரின் பெயரை விடையாகச் சொல்ல இயலாத குடும்பம் அந்த ஆண்டு நாய் வாங்கும் நிலையில் இல்லை என்பதே பொருள். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதும், நாயைக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணைப்பதும், கட்டியே கிடக்கும் நாயை உலவவிடாமல் இருப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். கம்பெனி வாசலிலும் குடோனிலும் காவலுக்கென நாயை ஆண்டு முழுவதும் கட்டிப்போடும் முதலாளிகளுக்கும் இது பொருந்தும்.

லாப்ரடார் 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். வளர்ந்தபின் 30 கிலோவுக்கு மேலும் எடை வரலாம். எட்டாம் வகுப்பு மாணவன் ஐந்து ஆண்டுகளில் கல்லூரிக்குப் போய்விடுவான். அதற்குப் பின் அந்த நாய்க்குச் சோறு வைப்பவர் ஒன்றரை ஷிப்ட் முடித்துவரும் தாய்தான். ஆகவே தாய் முழுமனதாக இசைந்தாலன்றி மகனுக்காக நாய் வாங்கலாகாது.

இதனைச் சோதித்தறிய ஒரு வழி உண்டு. நாய் இல்லாமலேயே 30 நாள் நாய்க்குரிய நேரப்படி வீட்டை நடத்திப் பார்க்கலாம்: விடியற்காலை அரைமணி நேரம் நடை, பகலில் இருமுறை வீட்டைத் திறந்து பார்க்க ஓர் ஆள், மாலையில் மீண்டும் அரைமணி நேரம். செய்த நாள்களைக் காலண்டரில் குறித்துவர வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடி வந்த வாரத்திலும் குறி விடுபடவில்லையெனில் அந்த வீடு தயார். விடுபட்டால் காத்திருப்பதில் குறைவேதுமில்லை. அல்லது பாட்டியோ தாத்தாவோ பகலில் வீட்டிலிருக்கும் நிலையில், பழக்கப்பட்ட இரண்டு வயது நாயைத் தத்தெடுக்கலாம். தட்டு, கழுத்துப்பட்டை, கயிறு ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் வாங்கிவிட முடியும்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் ஏசி இருக்கிறது. ஹஸ்கி வளர்க்கலாமா? (பல்லடம் வாசகர்)

பதில்: வேண்டாம். நாய்க்கு உள்ளங்கால் தவிர வேறெங்கும் குறிப்பிடத்தக்க வியர்வை இல்லை. மூச்சிரைத்தே உடற்சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும். சைபீரியக் குளிருக்கான ஈரடுக்கு மயிர் கொண்ட இனத்துக்கு ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை மின்சாரம் தடைப்படுவதே ஆபத்து.

கேள்வி: குட்டி படுப்பதற்குக் கட்டிங் வேஸ்ட் (பனியன் வெட்டியதில் மிஞ்சிய துணி) அடைத்த சாக்கு போதுமா? வீட்டில் நிறைய இருக்கிறது. (அனுப்பர்பாளையம் வாசகர்)

பதில்: திருப்பூரில் மிகப் பரவலாகச் செய்யப்படும் தவறு இதுவே. குட்டி சாக்கைக் கிழிக்கும். துணி ஓரம், எலாஸ்டிக் நாடா, ஓவர்லாக் நூல் ஆகியவற்றை விழுங்கும். பந்தையோ கல்லையோ விழுங்குவதைவிட நூலை விழுங்குவது கொடியது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் இயல்பான அசைவால் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போகும். சிக்கிய முனை நகராததால், தையலில் நூலை இழுத்தால் துணி சுருக்கம் சுருக்கமாகக் கூடுவதுபோலக் குடல் நூலின் மேல் கூடிக்கொள்கிறது. இறுகிய நூல் ஒவ்வொரு அசைவிலும் குடலின் உட்சுவரை அறுக்கிறது. சுவர் துளைபட்டால் மலம் வயிற்றறைக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

திரும்பத் திரும்ப வாந்தி, உணவை மறுத்தல், முதுகைக் கூனி நிற்றல் ஆகியன இதன் அறிகுறிகள். அத்தகைய குட்டியின் வாயைத் திறந்து நாக்கை உயர்த்தி அடியில் பார்க்க வேண்டும். அங்கே நாக்கின் வேரைச் சுற்றிய வெள்ளை நூல் ஒன்று தசைக்குள் பதிந்து கிடக்கலாம். அதனை இழுக்கக் கூடாது. ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. இழுப்பவர் குடலைத் தம் கையாலேயே அறுக்கிறார். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே உடுமலைப்பேட்டையில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருவதை வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

படுக்கைக்குக் கிழியாத தடித்த சாக்கோ பாயோ போதும். வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை செய்வோர், வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கிய பிறகே குட்டியை அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: காம்பவுண்டில் பக்கத்து வீட்டுக் குட்டி ரத்தக் கழிச்சலில் இறந்து ஒரு மாதமாகிறது. பினாயில் ஊற்றிக் கழுவியாகிவிட்டது. அதே காம்பவுண்டுக்குப் புதிய குட்டி கொண்டுவரலாமா? (நல்லூர் வாசகர்)

பதில்: அச்சம் நியாயமானது, ஆயினும் வழியுண்டு. அந்தக் குட்டியைக் கொன்றது பெரும்பாலும் பார்வோ எனப்படும் வைரஸாக இருக்கலாம். 1978இல் உலகின் பல பகுதிகளில் ஒருசேரக் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் குடலின் உட்படலத்தை அழித்து வாந்தியையும் ரத்தக் கழிச்சலையும் உண்டாக்குகிறது. நோயுற்ற நாயின் மலம் விழுந்த மண்ணில் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டு வரையும் உயிர்ப்போடு இருக்கிறது. பினாயில் இதனை ஒன்றும் செய்யாது. சிமென்ட் தரையை முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவி, வீட்டு உபயோக பிளீச்சிங் கரைசலில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாக வைத்திருந்தால் அழியும். சலவைப் பட்டறையிலிருந்து கேனில் கொண்டுவரும் திரவத்தின் செறிவு தெரியாது, அதனைப் பயன்படுத்தலாகாது. மண் தரையைத் தூய்மைப்படுத்த இயலாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் வரை போடப்படும் கூட்டுத் தடுப்பூசி வரிசையை முழுதும் முடித்த குட்டியையோ, தடுப்பூசி போட்ட வளர்ந்த நாயையோ கொண்டுவரலாம். ஓர் ஊசி போட்டுவிட்டோம் என்று நிறுத்துவது போடாததற்கு ஒப்பானது. இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது.

கேள்வி: தோட்டத்து நாயை இரவில் அவிழ்த்துவிடுவது வழக்கம். புதிதாக வாங்கும் நாயையும் அவ்வாறே விடலாமா? (வெள்ளகோவில் வாசகர்)

பதில்: கூடாது. வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்க்கூட்டம் கடித்துக் கொல்வதும், செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடுவதும் கடந்த சில ஆண்டுகளாகத் தொடர்கின்றன. அந்தக் கூட்டங்களில் தெருநாய் மட்டுமே உள்ளது என்று எண்ணுவது தவறு. பகலில் வீட்டில் சோறுண்ட நாயும் இரவில் கிளுவை வேலியின் இடைவெளியில் நுழைந்து கூட்டத்தோடு சேரும். பசியில்லாதபோதும் ஓடும் ஆட்டைத் துரத்தும். ஒன்றைத் தின்னாமலேயே பத்தைக் கடித்துப் போடும். கருத்தடை செய்யாத வளர்ப்பு நாய் வெளியே ஈனும், ஈனச்செய்யும் குட்டிகளே அடுத்த ஆண்டின் கூட்டம். தன் விலங்கால் பிறருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. வேலிக்குள் அவிழ்த்துவிடலாம், வேலிக்கு அப்பால் கூடாது. குட்டிப் பருவத்திலிருந்தே ஆடுகளின் நடுவே, கயிற்றில் பிடித்தபடி பழக்க வேண்டும்.

கேள்வி: ராஜபாளையம் வாங்குவதா, தெருவில் பிறந்த குட்டியை எடுப்பதா? (காங்கேயம் சாலை வாசகர்)

பதில்: ராஜபாளையம் 2005இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் முயலைத் துரத்த வளர்க்கப்பட்டவை. இவற்றுக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் இவை நலிவுறும். ராஜபாளையத்தின் முழுவெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதால், வாங்குமுன் குட்டி பாராத திசையிலிருந்து கைதட்டி அது திரும்புகிறதா எனப் பார்க்க வேண்டும். முதன்முறை வளர்ப்பவருக்கு, கொங்குநாட்டு வெயிலுக்கு ஏற்கெனவே பழகிய தெருக்குட்டி மிகப் பொருத்தமானது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணை, உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்க வழிசெய்ததோடு, அவ்வாறு எடுத்த நாயை மீண்டும் தெருவில் விடாதிருக்கும் பொறுப்பையும் எடுத்தவர் மீது சுமத்தியது. தத்து என்பதற்கு அதுவே பொருள்.

கேள்வி: கருத்தடைக்கு முன் பெட்டை ஒருமுறையாவது குட்டி போட வேண்டுமாமே? (ஊத்துக்குளி வாசகர்)

பதில்: வேண்டியதில்லை, அதனால் பெட்டைக்கு ஒரு நன்மையும் இல்லை. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கு ஆபத்து நேர்வது சாதாரணம்.

கேள்வி: நாய்க்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கலாமா? (மங்கலம் வாசகர்)

பதில்: கால் பங்கும் கொடுக்கக் கூடாது. மனிதரின் வலி மாத்திரைகள், குறிப்பாக ஐபுபுரூஃபன், நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேள்வி: வந்து ஒரு வாரமான மூன்று மாதக் குட்டியின் பல் பட்டு மகளின் கையில் ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துள்ளோம். குட்டிதானே, ஊசி தேவையா? (தாராபுரம் வாசகர்)

பதில்: தேவை; இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருந்ததே தவறு. ரேபிஸ் எனப்படும் வெறிநோய் குட்டிக்கும் வரும். அறிகுறி தோன்றிய பின் அந்நோய்க்கு மருத்துவம் இல்லை. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுவதே முதல் சிகிச்சை. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் புண்ணில் படக் கூடாது. ரத்தம் வந்த கடியாதலால் தடுப்பூசியோடு, புண்ணிலேயே செலுத்தப்படும் எதிர்ப்புரதமும் வேண்டும். அரசு மருத்துவமனையில் முதல் நாள், அதன்பின் 3, 7, 28ஆம் நாள்களில் தோலுக்குள் ஊசி போடப்படும். தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்னும் அச்சத்தில் இன்னும் சிலர் ஒதுங்குகின்றனர். ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பழைய மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. குட்டியைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று மகளின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும், பின்னர் ஆண்டுதோறும்.

கேள்வி: குட்டி வந்த முதல் இரவு முழுவதும் அழுதது. குளியலறையில் அடைத்தும் ஓயவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (கொங்கு நகர் வாசகர்)

பதில்: கொடுக்க வேண்டாம். தாயையும் உடன்பிறந்தவற்றையும் முந்தின நாள்வரை ஒட்டிப் படுத்திருந்த குட்டி அழுவது இயல்பு. அது அடங்காத குணமும் அன்று, நோயும் அன்று. குளியலறையில் அடைத்தால் அச்சம் கூடும். படுக்கும் இடத்துக்கு அருகிலேயே பெட்டியில் விரிப்பிட்டுப் படுக்கவைத்து, நள்ளிரவில் ஒருமுறையும் விடியலுக்கு முன் ஒருமுறையும் சிறுநீர் கழிக்க வெளியே கொண்டுசென்று, விளையாட்டுக் காட்டாமல் திரும்பவும் படுக்கவைத்தால், பெரும்பாலான குட்டிகள் ஒரு வாரத்துக்குள் இரவெல்லாம் உறங்கும். அந்த ஒரு வாரம் தூக்கம் கெடும் என்பதை அறிந்து, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு குட்டியைக் கொண்டுவருவதும் முன்னேற்பாட்டில் அடங்கும்.